முதலைக்குப் பல் கட்டியவள்

அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்தவளை எல்லோரும் பல்லம்மா என்று கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது மேல்மாடிப் பிள்ளைகள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் கல்லாக இறுகும் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, தாடையின் வார்ப்பை எடுத்து, அதன்மேல் பல் செட் கட்டிக் கொடுப்பது அவள் தொழில். ஊரில் பாதிப் பேர் அவள் கட்டிய பல்லால்தான் மென்றார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். அவர்களில் ஒருவர் முகம்கூட அவளுக்குத் தெரியாது. தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் ஒரு நொடி நின்று பார்ப்பாள். "இது நம்ம கைதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நடையைக் கட்டுவாள்.

சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறைதான் பட்டறை. சன்னலோரம் ஒரு மேஜை, மெழுகு உருக்க ஒரு விளக்கு, பல்லை உரசித் தேய்க்கும் மெஷின், மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் மாட்டி வாய் மாதிரியே திறந்து மூடிப் பார்க்கும் கீல் வைத்த கருவி ஒன்று. சுவரில் பல்லின் நிறங்கள் நம்பர் போட்டுத் தொங்கும். எந்த நிறம், எந்த அளவு, எத்தனை பல் என்று டாக்டர் எழுதி அனுப்புவார். அவள் எழுதியபடி செய்வாள். வெள்ளை மாவுத் தூசி வீடு முழுக்கப் படிந்திருக்கும். கதவுக் கைப்பிடியைத் தொட்டாலும் மாவு, டீ டம்ளரைத் தொட்டாலும் மாவு. அவள் வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுபவர். அவருடைய காக்கிச் சட்டையில்கூட ஐந்து விரல் அச்சு வெள்ளையாகத் தெரியும். "உங்க வீட்டுல பேய் கீய் இருக்கா?" என்று டிப்போவில் கேலி செய்வார்கள்.

பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவள் மேஸ்திரி. பிறந்ததிலிருந்தே அடுத்தவரை வேலை வாங்கத் தெரிந்தவள் என்பதால் அப்பா வைத்த பெயர். நடுவில் ஒரு பையன், குறடு. எதைப் பிரிக்கலாம், எதைக் கழற்றலாம் என்பதே அவன் நினைப்பு. கடைக்குட்டி கடுகு. ஆள் அரை ஆள்தான், வாய் மட்டும் ஒன்றரை.

மூவரும் பள்ளிக்கூடம் போவதில்லை. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல அது. மூத்தவளுக்கு ஒன்பது வயசாக இருந்தபோது அவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஆண்டின் பாதி ஓடிவிட்டது, இடமில்லை, அடுத்த வருஷம் வாருங்கள் என்று பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். சும்மா இருந்த நாட்களில் மேஸ்திரி தீக்குச்சியாலேயே ஒரு பாலம் கட்ட ஆரம்பித்தாள். அடுத்த வருஷமும் வந்தது, இடமும் கிடைத்தது. பாலம் மட்டும் சாப்பாட்டு மேஜைக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே அந்தரத்தில் நின்றது.

"பாலம் முடிஞ்சதும் போறேம்மா" என்றாள் மேஸ்திரி.

பல்லம்மா புருஷனைப் பார்த்தாள்.

"பாதிப் பாலத்துல வண்டியை நிறுத்துனா பின்னாடி வர்றவங்களுக்கும் கஷ்டம்" என்றார் டிரைவர். "முடிக்கட்டும்."

பாலம் முடிந்தபோது அதற்கு விளக்கு வேண்டும் என்றாகிவிட்டது. விளக்குக்காக மின்சாரத்தைப் பற்றிய புத்தகங்கள் நூலகத்திலிருந்து வந்தன. அக்கா படித்துக் காட்ட மறுத்த இடங்களைக் குறடு ஆத்திரத்திலேயே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டான். பின்னம் என்றால் என்ன என்று ஒருவரும் சொல்லித் தராமலே, அட்டையைச் சரியாக எட்டில் ஒரு பங்காக வெட்டத் தெரிந்திருந்தது மேஸ்திரிக்கு. இதையெல்லாம் பட்டறைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பல்லம்மாவுக்கு, இப்படியே விட்டால்தான் என்ன என்று தோன்றியது. கல்வி அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கினார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அங்கிருந்து ஒரு அம்மையார் வந்து பார்ப்பார். முதல் தடவை வந்தபோது அவர் நாற்காலியில் இருந்த ஈரக் களிமண் யானைமேல் உட்கார்ந்துவிட்டார். மறு வருஷத்திலிருந்து பழைய உடுப்போடு வந்தார்.

பல்லம்மா கொள்கை பேசுகிறவள் இல்லை. காலையில் சீருடைப் பிள்ளைகள் சன்னலுக்குக் கீழே வரிசையாகப் போகும்போது சில நாள் அவள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். நம் பிள்ளைகளை நாமே கெடுக்கிறோமோ என்று கையிலிருந்த மெழுகு ஆறும்வரை யோசிப்பாள். அதற்குள் கூடத்தில் ஏதாவது சரிந்து விழும், எழுந்து ஓட வேண்டியிருக்கும், யோசனை அதோடு போகும்.

அவள் விட்டாலும் அவளுடைய அக்கா விடமாட்டாள். அக்கா அடுத்த தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தாள். மாத்திரை அட்டைகள் அலமாரியில் அங்குலம் பிசகாமல் இருப்பதுபோல் உலகமும் இருக்க வேண்டும் என்று நினைப்பவள். வாரத்தில் ஒரு நாள் வந்து, வாசலில் நின்றபடியே கேட்பாள்.

"இப்ப என்னடி படிக்கறாங்க?"

"முதலை பண்றாங்கக்கா."

"முதலையா. நல்லாருக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளை பெருக்கல் வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் சொல்லுது."

"நம்ம முதலைக்கு முதுகுல நாலு வரிசை, வரிசைக்குப் பதினாறு மேடு" என்றான் குறடு தலை நிமிராமல். "அறுபத்தி நாலு. முட்டை அட்டை பத்தலை. பெரியம்மா, உங்க வீட்டுல இருக்கா?"

அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள். மறு வாரம் வரும்போது ஒரு கட்டு முட்டை அட்டை கொண்டுவந்து, யாருக்கு என்று சொல்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

முதலைக்கு ஆரம்பம் ஒரு பச்சை மழைக்கோட்டு. யாரோ பேருந்தில் விட்டுப்போனது. கேட்டு யாரும் வராததால் டிப்போவில் டிரைவரிடமே கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் கடுகு, "இது முதலையோட தோல்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மேஸ்திரி அன்றே நாடகம் என்று அறிவித்தாள். கதை இதுதான்: ஓர் ஆற்றில் ஒரு கிழட்டு முதலை. அதைக் கண்டால் எல்லா மிருகத்துக்கும் குலை நடுங்கும். ஒரு நாள் அதற்குப் பல்லெல்லாம் கொட்டிப்போகிறது. அதற்கப்புறம் ஒருவரும் மதிப்பதில்லை. தவளைகூட மூக்கின்மேல் உட்கார்ந்து வெயில் காய்கிறது. முதலை பல் கட்டும் பறவையிடம் போய்ப் புதுப் பல் வாங்கி வருகிறது. அப்புறம்?

அப்புறத்தில்தான் சண்டை. எல்லோரையும் கடித்துத் தின்ன வேண்டும் என்றான் குறடு. பல் வந்தபின் திருந்த வேண்டும் என்றாள் மேஸ்திரி. "சிரிக்கணும்" என்றாள் கடுகு. மூன்று பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. சரி, முடிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் முதலை எழுந்து நிற்கட்டும் என்று வேலையில் இறங்கினார்கள்.

உடம்புக்குப் பழைய மெத்தைப் பஞ்சு. உள்ளே நின்று நடத்த இரண்டு பேர், வாலுக்குக் கடுகு. வாய்தான் படுத்தியது. மேல் தாடையைக் கயிறு கட்டித் தூக்கினால் தொபுக்கென்று விழுந்தது. குடைக்கம்பி வைத்தால் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. குறடு பட்டறை வாசலில் உட்கார்ந்து அம்மாவின் கீல் கருவியையே நாள் முழுக்கப் பார்த்தான். "இதுல கீல் வாய்க்குள்ள இல்ல, ரொம்பப் பின்னாடி, காதுகிட்ட இருக்கு" என்றான். அப்புறம் ஒரு பழைய சன்னலின் இரண்டு கீல்களைக் கழற்றி, முதலையின் காது இருக்கும் இடத்தில் முடுக்கினான். வாய் அகலமாகத் திறந்து, டப்பென்று மூடியது. வீட்டில் அன்று யாரும் சாப்பாட்டு மேஜைக்கு நடந்து போகவில்லை. முதலைதான் ஒவ்வொருவரையும் கவ்விக் கொண்டுபோய் உட்கார வைத்தது.

மறுநாள் மூன்று பேரும் பட்டறைக்கு வந்து நின்றார்கள்.

"அம்மா, பல்லு நீதான் கட்டணும்" என்றாள் மேஸ்திரி.

"கட்டிடலாம். எத்தனை பல்லு, எந்த அளவு, எந்த நிறம்?"

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படி."

பல்லம்மாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்றுவரை யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. நம்பர் இல்லாமல், அளவு இல்லாமல் ஒரு பல்லை எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. வீணாய்ப்போன வெள்ளை மாவில் பத்துப் பன்னிரண்டு செய்து பார்த்தாள். எல்லாம் கூராக, வெள்ளையாக, ஒரே மாதிரியாக வந்தன. வேலி மாதிரி இருக்கிறது என்றான் குறடு. அவளுக்கே அப்படித்தான் பட்டது. சோறு வடிக்கும்போதும் பல்லே நினைப்பு. துணி காயப்போடும்போதும் பல்லே நினைப்பு. இத்தனை வயசுக்குப் பிறகு விளையாட்டுச் சாமானுக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறோமே என்று சிரிப்பும் வந்தது.

அந்த நினைப்பில்தான் தப்பு நடந்தது.

வீட்டில் ஒரு நீல வாளி உண்டு. வேலை முடிந்த வார்ப்புகள், உடைந்தவை, உதவாதவை எல்லாம் அதில் விழும். நீல வாளியில் விழுந்தது பிள்ளைகளுடையது, அலமாரியில் இருப்பதைத் தொடக் கூடாது. மூவரும் இதை ஒரு நாளும் மீறியதில்லை. அன்று அலமாரியில் ஒரு மேல் தாடை வார்ப்பைக் காணாமல் பல்லம்மா தேடியபோது, அது கூடத்தில் கடுகின் முன்னால் இருந்தது. பல் இருக்க வேண்டிய வளைந்த மேடு முழுக்கப் பச்சை வர்ணம் பூசி, பஞ்சில் உருட்டிய ஆடுகளைப் பசை போட்டு ஒட்டி, நடுவே அண்ணத்தின் பள்ளத்தில் நீலமாக ஒரு ஏரியும் வைத்திருந்தாள்.

"நாடகத்துல தூரத்துல தெரியற மலை" என்று பெருமையாகக் காட்டினாள் கடுகு.

பல்லம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அலமாரியைத் தொடாதேன்னு. ஒருத்தரோட வாய் இது. பசையை உரசி எடுத்தா அளவே போயிடும்."

"நீல வாளியில இருந்துச்சு."

"பொய் வேற சொல்றியா?"

கடுகின் உதடு பிதுங்கியது. குறடு மெதுவாக எழுந்து வந்தான். "அவ பொய் சொல்லலைம்மா. நீதான் போட்ட. ஒரு கையில முதலைப் பல்லு, ஒரு கையில இது. பல்லைப் பார்த்துக்கிட்டே இதை வாளியில போட்ட. வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன்."

பல்லம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடுகை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தப்பு அம்மாவோடது. உன்னைத் திட்டியிருக்கக் கூடாது."

"சரி" என்றாள் கடுகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அப்ப மலையை அவருக்குத் திருப்பிக் குடுக்கணுமா?"

பல்லம்மா அந்த அச்சை அனுப்பிய டாக்டருக்கு போன் செய்தாள். இளைஞர், நல்லவர்தான், ஆனால் அன்று அவர் குரலே இறங்கிவிட்டது. "திரும்ப அச்சு எடுக்கணும்னா அவரைத் திரும்ப வரச் சொல்லணும். யாருன்னு தெரியுமா உங்களுக்கு? ரயில் நிலையத்துல அறிவிப்புச் சொல்லிட்டிருந்தாரே, அவர். போன வருஷம் ரிட்டயர் ஆனவர். பல்லு எல்லாம் எடுத்ததுல இருந்து யார்கிட்டயும் வாயே திறக்கறதில்ல. கேட்டா தலையாட்டறார், அவ்வளவுதான். அவர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"நானே வந்து சொல்றேன் டாக்டர்."

அந்தக் குரல் யாருக்குத்தான் தெரியாது? ஊருக்கு வந்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லோரும் அந்தக் குரல் சொன்ன நடைமேடைக்குத்தான் ஓடியிருக்கிறார்கள். அதற்குச் சொந்தக்காரர் இப்படி வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டதும் பல்லம்மாவுக்கு இன்னும் கூச்சமாகிவிட்டது.

டிரைவருக்கு அன்று பகல் முறை வேலை. பிள்ளைகளை விட்டுப்போக ஆள் இல்லாததால் மூவரையும் கூட்டிக்கொண்டே டாக்டரின் கிளினிக்குக்குப் போனாள். அறிவிப்பாளர் ஒடிசலான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, உள்வாங்கிய கன்னம், கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி மூலையில் உட்கார்ந்திருந்தார். பல்லம்மா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "என் கவனக்குறைவுதான் சார். மன்னிக்கணும்." அவர் பார்வை தரையிலேயே இருந்தது.

கடுகு முன்னால் போய், இரண்டு கையாலும் மலையை நீட்டினாள். "இந்தாங்க. ஏரி ஆழமில்ல. ஆடு விழுந்தாலும் ஏறிடும்."

அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஆட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாரோ என்று பல்லம்மா பதறினாள். கைக்குட்டை விலகியபோதுதான் தெரிந்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இஷு என் வாயா?" என்றார். "இவ்வளவு பெரிய மலையில ஒரு ரயில் ஷேஷன் கிடையாஷா?"

காற்றும் எச்சிலும் கலந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஒரு குரல். டாக்டருக்கு ஆச்சரியம். ஆனால் மேஸ்திரி தம்பியின் கையைப் பிடித்து அழுத்தினாள். "டேய், நம்ம முதலைடா" என்றாள். அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் அது கேட்டது.

பல்லம்மாவுக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மேஸ்திரிக்கு அந்த மாதிரி யோசனையெல்லாம் கிடையாது. நேராகப் போய் நின்றாள்.

"தாத்தா, நாங்க ஒரு நாடகம் போடறோம். அதுல முதலைக்குப் பல்லு கிடையாது. நாங்க பஞ்சுக்குள்ள நின்னு பேசினா வெளியே கேக்கலை. நீங்க பேசறீங்களா?"

டாக்டர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். அறிவிப்பாளர் மலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஷம்பளம்?"

"பிஸ்கட்" என்றாள் கடுகு. "டீயில நனைச்சுத் தருவோம்."

மறுநாள் மத்தியானமே வாசலில் வந்து நின்றார். அதற்கப்புறம் தினமும் வந்தார். கூடத்தில் முதலை உருண்டு புரள, அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதற்குக் குரல் கொடுத்தார். "ஷவளையே, ஷவளையே, என் மூக்கை விட்டு இழங்கு" என்று அவர் கெஞ்சும்போது, தவளையாகவும் நடித்த கடுகுக்குச் சிரிப்பு தாங்காமல் ஒத்திகையே நின்றுபோகும். முதல் இரண்டு நாள் கைக்குட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் அதை வாங்கி முதலைக்கு வாய் துடைக்க வைத்துக்கொண்டாள் மேஸ்திரி. அவர் திருப்பிக் கேட்கவே இல்லை.

பட்டறையில் பல்லம்மா அவருடைய புது வார்ப்பில் மெழுகுவைத்துப் பல் அடுக்கிக்கொண்டிருந்தாள். தான் பல் கட்டுகிற மனிதரின் குரலைக் கேட்டபடி பல் கட்டுவது அவளுக்கு அதுதான் முதல் முறை. சிரிக்கும்போது அவர் வாய் இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஏறுவதை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஒரு நாள் அவரே வாசலில் வந்து நின்று, "ரொம்ப அழகா வேண்டாம்மா. என் வயஷுக்கு ஏஷ்ஷ மாதிரி இருந்தாப் போஷும்" என்றார். அந்த வார்த்தையில் அவளுக்குப் பொறி தட்டியது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, அவருக்கு முன்பல்லில் ஒன்றைக் கடுகளவு சாய்த்து வைத்தாள். அதை முடித்த கையோடு முதலையின் பல்லை எடுத்தாள். அது கிழட்டு முதலை. புதுப் பல்லே ஆனாலும் அதன் வாழ்க்கை அதில் தெரிய வேண்டாமா? ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒன்றில் டீக்கறை. ஒன்றை ஓரத்தில் உடைத்தாள், ஏதோ படகைக் கடித்த நாளில் உடைந்ததாக இருக்கட்டும் என்று. ஒரு பல்லுக்கு மட்டும் சாக்லேட்டுக் காகிதத்தில் தங்க உறை. சாப்பிடக் கூப்பிட்டதுகூட அவள் காதில் விழவில்லை. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளிடம் போய் மெல்லச் சொன்னார்: "உங்கம்மா விளையாடறா. தொந்தரவு பண்ணாதீங்க."

நாடகத்துக்கு இரண்டு நாள் முன்னால் அறிவிப்பாளருக்குப் பல் செட் வந்தது. கச்சிதமாக உட்கார்ந்தது. கன்னம் நிமிர்ந்து, ஆள் பத்து வயசு குறைந்து தெரிந்தார். ஆனால் பேச வாயெடுத்தால் பல் டக் டக்கென்று மோதியது. நாக்குக்கு இடம் பிடிபடவில்லை. "முத... டக்... முதலை..." என்று முயன்று பார்த்துவிட்டுக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"முஷல் பாதி நான் ஷெய்யறேன். பல்லு வந்ஷ பிறகு வேற யாரையாவஷு பேஷச் ஷொல்லுங்க."

"புதுப் பல்லுன்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றாள் பல்லம்மா. "வாய் பழகணும். உங்க வாய்க்கு எது ரொம்பப் பழக்கமோ அதை மெதுவாச் சொல்லிப் பாருங்க."

அவர் தலையசைத்தார். நம்பியதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கட்டடத்தின் கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நாடகம். வண்டிகளை எல்லாம் தெருவுக்குத் தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு நாற்காலி வந்தது. டிரைவரின் நண்பர்கள் வந்தார்கள், டாக்டர் வந்தார், அக்கா கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு போர்வைத் திரைக்குப் பின்னால் மைக்கோடு அறிவிப்பாளர். மலைகூட வந்திருந்தது, அவர் கேட்டபடி தீப்பெட்டியில் செய்த ரயில் ஸ்டேஷனோடு.

பல்லில்லாத முதலை வந்ததுமே கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. "யாரும் பயப்பழ மாட்டேங்கிறீங்களே, கொஞ்ஷமாவஷு பயப்பழுங்க" என்று அது கெஞ்சியபோது முன்வரிசைப் பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். இடைவேளை வந்தது. திரைக்குப் பின்னால் பல் கட்டும் பறவையின் மூக்கை மாட்டிக்கொண்டு நின்றவள் பல்லம்மா. அந்த வேஷத்துக்கு வேறு யாரைப் போடுவது என்று பிள்ளைகள் யோசிக்கவே இல்லை. முதலையின் வாயில் பல் வரிசையை மாட்டினாள். பிறகு அறிவிப்பாளரைப் பார்த்தாள். அவர் டம்ளரிலிருந்து தம் பல்லை எடுத்து, கண்ணை மூடி, வாயில் வைத்தார்.

இடைவேளை முடிந்தது. தங்கப் பல் மின்ன முதலை வாயைத் திறந்தது.

"நா... டக்... நான்... டக்... வந்து..."

கூட்டம் ஓவென்று சிரித்தது. புதுப் பல் கட்டிய முதலை வேறு எப்படிப் பேசும்? பஞ்சுக்குள் இருந்த மேஸ்திரி ஒரு நொடியில் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு டக்குக்கும் முதலையின் தாடையை டப்பென்று மூடினாள். டக், டப். டக், டப். டாக்டர் நாற்காலியில் இருந்து நழுவப் பார்த்தார். திரைக்குப் பின்னால் அறிவிப்பாளர் மூச்சை இழுத்துவிட்டார். எதைச் சொன்னால் வாய் வசப்படும் என்று தேடியவருக்கு, ஆயுசு முழுக்கச் சொன்னதே நாக்கில் வந்து நின்றது.

"பயணிகளின் கவனத்திற்கு."

சிரிப்பு சட்டென்று நின்றது.

"பயணிகளின் கவனத்திற்கு. மலையடிவாரத்திலிருந்து புறப்பட்டு, தவளைக்குளம், ஆட்டுப்பட்டி வழியாக ஏரிக்கரை வரை செல்லும் முதலை விரைவு வண்டி, இன்னும் சற்று நேரத்தில் முதலாம் நடைமேடையிலிருந்து புறப்படும்."

தெள்ளத் தெளிவாக, கணீரென்று, ஒரு டக் இல்லாமல் வந்தது. பின்வரிசையில் யாரோ, "அவருடா இது" என்றார்கள். கைத்தட்டல் எழுந்து அடங்கவே நேரமாயிற்று. கதையில் இப்படி ஒரு வரியே கிடையாது. உள்ளே மேஸ்திரியும் குறடும் இருட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி முதலை, "கூ..." என்று ஊதிக்கொண்டு நகர ஆரம்பித்தது. கடுகு வாலை விட்டுவிட்டு ஓடிவந்து அதன் முதுகில் ஏறினாள். அவ்வளவுதான், பார்க்க வந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஓடிவந்து பின்னாலேயே ஏறினார்கள். அறுபத்து நாலு முட்டை மேடும் நொறுங்கின. "நிஜமா ஏறாதீங்க, நாங்க உள்ள இருக்கோம்" என்று குறடு கத்தியது பஞ்சுக்குள்ளேயே அமுங்கிப்போனது. முதலை வண்டி இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவே படுத்துவிட்டது. கடிக்கவும் இல்லை, திருந்தவும் இல்லை. நாடகம் அப்படித்தான் முடிந்தது, ஒருவருக்கும் குறை இல்லை.

பறவை மூக்கோடு ஓரமாக நின்றிருந்த பல்லம்மாவுக்குக் கண் கலங்கியது. முதல் தடவையாக, தான் கட்டிய பல்லும் அதை வைத்துச் சிரிக்கும் மனிதரும் ஒரே இடத்தில் அவள் எதிரில் இருந்தார்கள். அவர் சிரிப்பு இடப்பக்கம் ஏறியது. சாய்ந்த பல் அங்கே சரியாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டு அலமாரியில் ஒரு தட்டு தனியாக ஒதுங்கியது. கட்டடத்துப் பிள்ளைகள் கதவைத் தட்டி, "எனக்கு ஒரு பேய்ப் பல்லு" என்று நின்றார்கள். அவள் வேலை ஓய்ந்த நேரத்தில் செய்து கொடுத்தாள். பேய்ப் பல், குதிரைப் பல், கோபக்காரக் கிழவர் பல். நிறத்தையும் அளவையும் யாரும் சொல்வதில்லை. ஒரு நாள் அக்கா வந்திருந்தபோது முயல் பல் ஒன்று மேஜையில் காய்ந்துகொண்டிருந்தது. பல்லம்மா அடுப்படிக்குப் போய்த் திரும்பிவந்து பார்த்தால், அக்கா கண்ணாடி முன்னால் நின்று அதை மாட்டிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடையில வெச்சுக்கறதுக்கு" என்றாள் அக்கா, பல்லைக் கழற்றாமலே. "கடன் கேட்டு வர்றவங்களுக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சின்ன வயசுக்குப் பிறகு அக்கா தங்கை இரண்டு பேரும் அப்படிச் சிரித்ததாகப் பல்லம்மாவுக்கு ஞாபகமே இல்லை.

அறிவிப்பாளர் இப்போதும் மத்தியானம் வந்து டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். நனைக்காத பிஸ்கட்.

அந்த வருஷக் கடைசியில் மேஸ்திரி ஒரு முடிவோடு வந்தாள். அம்மா ஈறு செய்யும் இளஞ்சிவப்புப் பொடியில் திரவத்தை ஊற்றினால் ஏன் சூடாகிக் கல்லாகிறது என்று கேட்டு, அம்மாவுக்கும் விடை தெரியாமல், நூலகப் புத்தகத்திலும் முழுசாகப் புரியாமல் அவள் கொஞ்ச நாளாகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் பள்ளிக்கூடம் போறேன். அங்க ஆய்வுக்கூடம் இருக்காம். போய்ப் பாத்துட்டு வந்தேன்."

பல்லம்மா உரசும் மெஷினை நிறுத்தினாள். "மத்ததெல்லாமும் இருக்குமேடி. மணி அடிப்பாங்க, வரிசையில நிக்கணும்."

"நின்னுக்கறேன். நாலு பேரை வரிசையில நிக்கவைக்கவும் எனக்குத் தெரியும்."

"அது தெரியும்" என்றார் டிரைவர்.

சேர்வதற்கு ஒரு தேர்வு வைத்தார்கள். கணக்கில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைவிட நன்றாக எழுதியிருந்தாள். எழுத்துப்பிழையில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். சேர்த்துக்கொண்டார்கள். அக்கா புதுப் பை வாங்கிக் கொடுத்து, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்கு உரிமை இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

முதல் நாள் காலையில் மேஸ்திரி சீருடையோடு அப்பாவின் பேருந்தைப் பிடிக்கக் கீழே இறங்கினாள். பல்லம்மா சன்னலில் நின்று பார்த்தாள். சீருடைப் பிள்ளைகளின் வரிசையில் இப்போது தன்னுடையதும் ஒன்று. பின்னால் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். மேஸ்திரி வேலை செய்யும் மேஜையைக் குறடு ஒரு பக்கமும் கடுகு ஒரு பக்கமும் பிடித்துக் கூடத்தின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் தெருமுனைகூடத் திரும்பியிருக்கவில்லை.

"சாயங்காலம் அவ வந்து கேட்டா என்னடா சொல்லுவீங்க?"

"அவ வர்றதுக்குள்ள இது மேஜையாவே இருக்காதும்மா" என்றான் குறடு.

"நீயும் ஒரு பக்கம் பிடி" என்றாள் கடுகு.

பல்லம்மா கை மாவைத் தட்டிக்கொண்டு போய் ஒரு பக்கம் பிடித்தாள்.